கனெக்டிகட் புகையிலையும் தென்னக மாணவரின் கல்லூரிக் கட்டணமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பள்ளிப் படிப்பை முடிக்கும் தறுவாயில் இருக்கும் பதின்வயதினர் கோடை விடுமுறையில் முதன்முதலாகக் கூலி வேலைக்குச் செல்வதும், அதே பருவத்தில் தாம் சேர விரும்பும் கல்லூரிகளை நேரில் பார்த்து வருவதும் நெடுநாளாக நிலைபெற்ற வழக்கங்களாகும். முன்னது உழைப்பின் அருமையை உணர்த்தும் பயிற்சி என்றும், பின்னது குடும்பத்தோடு மேற்கொள்ளும் இனிய பயணம் என்றும் பொதுவாக விவரிக்கப்படுகின்றன. அந்த விவரிப்பு வசதியுள்ள வெள்ளையர் குடும்பங்களுக்கே பொருந்தும். 20-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அந்நாட்டின் தென் மாநிலங்களில் வாழ்ந்த கறுப்பின இளைஞருக்குக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை நிறமே பறித்திருந்தது. எஞ்சியிருந்த சில கல்லூரிகளில் சேர்வதற்கும் தொடர்ந்து படிப்பதற்கும் வேண்டிய பணத்தை அவர்களுள் பலர் கோடைக்காலக் கூலியிலிருந்தே திரட்ட வேண்டியிருந்தது. அந்த உழைப்பு நிகழ்ந்த களங்களுள் தனிக் கவனத்துக்கு உரியவை, நாட்டின் வடகிழக்கு மூலையில் ஹார்ட்ஃபர்ட் நகருக்கு வடக்கே விரியும் கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கின் புகையிலைத் தோட்டங்கள் ஆகும்.

குளிர்காலத்தில் பனி மூடும் ஒரு பகுதியில் புகையிலை விளைவது வியப்பளிக்கலாம். ஆனால் 17-ஆம் நூற்றாண்டில் வின்ட்சரில் குடியேறிய ஆங்கிலேயர்களே அங்கு அப்பயிரைத் தொடங்கிவிட்டனர். 19-ஆம் நூற்றாண்டில் சுருட்டுத் தொழில் வளர்ந்தபோது பள்ளத்தாக்கின் மணற்பாங்கான மண் நல்ல விலை பெற்றது. சுருட்டு மூன்று வகை இலைகளால் ஆனது: நடுவே நிரப்பப்படும் உள்ளிலை, அதைச் சேர்த்துப் பிடிக்கும் கட்டிலை, எல்லாவற்றுக்கும் மேலே சுற்றப்படும் மேலிலை. திண்டுக்கல் சுருட்டை அறிந்த தமிழ் வாசகர்களுக்கு இந்த அமைப்பு புதிதன்று. இம்மூன்றில் மேலிலையே கண்ணுக்குத் தெரிவது. அது மெல்லியதாகவும், கிழிசலும் புள்ளியும் இல்லாததாகவும், நரம்பு தடிக்காததாகவும் இருக்க வேண்டும் என்பதால் அதன் விலை மற்ற இரண்டையும்விடப் பன்மடங்கு மிகுதி.

1880-களில் இந்த மேலிலைச் சந்தையைச் சுமத்ராத் தீவின் இலை கைப்பற்றத் தொடங்கியது. அத்தீவின் கிழக்குக் கரையிலுள்ள டெலி பகுதியில் டச்சுக்காரர்கள் 1860-களில் தொடங்கிய பெருந்தோட்டங்களில் சீனரும் ஜாவாவினரும் பெரும்பான்மையாக உழைத்தபோதிலும், தமிழகத்திலிருந்து கொண்டுசெல்லப்பட்ட கூலிகளும் அங்கு இருந்தனர். மேடான் நகரில் 1884-இல் எழுந்த மாரியம்மன் கோயில் அவர்களுடைய குடியேற்றத்துக்குச் சான்றாக இன்றும் நிற்கிறது. கடல் கடந்து சென்ற தமிழ்க் கூலிகளின் வரலாறும் கனெக்டிகட் தோட்டங்களின் வரலாறும் ஒரே பண்டத்தின் வழியாக இவ்வாறு தொட்டுக்கொள்வது இதுவரை போதிய கவனம் பெறவில்லை. இறக்குமதி இலைமீது 1890-ஆம் ஆண்டின் மெக்கின்லி சட்டம் விதித்த கடுமையான சுங்க வரியும் போட்டியைத் தணிக்கப் போதாமற்போனதால், சுமத்ரா விதையையே உள்ளூரில் பயிரிட்டு, அத்தீவின் மேகமூட்டத்தையும் ஈரக்காற்றையும் செயற்கையாக உண்டாக்க வழி தேடப்பட்டது. 1900-ஆம் ஆண்டில் வின்ட்சரை அடுத்த போக்வோனாக் என்னும் ஊரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஏக்கர் நிலத்தின்மேல் மெல்லிய துணிப் பந்தல் விரித்து வேளாண் ஆய்வாளர்கள் நடத்திய சோதனை வெற்றி பெற்றது. நிழற்புகையிலை என்று வழங்கப்பட்ட இந்த முறை சில ஆண்டுகளுக்குள் பரவியதால், கோடைதோறும் பள்ளத்தாக்கின் வயல்கள் வெண்துணிக் கூரையின்கீழ் மறைந்தன.

நிழற்புகையிலையின் நுட்பமே அதற்கு வேண்டிய ஆட்களின் பெருக்கத்துக்கும் காரணமாயிற்று. மற்றப் புகையிலையைச் செடியோடு வெட்டிச் சாய்க்கலாம். இதையோ அடியிலிருந்து மேல்நோக்கி, ஒரு சுற்றுக்குச் செடிக்கு இரண்டு மூன்று இலைகளாக, பல சுற்றுகளில் கையால்தான் ஒடிக்க முடியும். முதற்சுற்றில் இலைகள் தரையை ஒட்டி இருக்குமாதலால் பறிப்பவர் வரிசைகளுக்கு இடையே மண்ணில் அமர்ந்தபடியே நகர்ந்து செல்ல வேண்டும். துணிக்கூரையின்கீழ் காற்றசைவு குறைந்து புழுக்கம் கூடும். இலையிலிருந்து கசியும் பிசின் கைகளிலும் முன்கைகளிலும் கறுத்துப் படிந்து எளிதில் கழுவ இயலாதபடி ஒட்டிக்கொள்ளும். விரல் அழுத்தம் பட்டாலே இலையில் தழும்பு விழுந்து அது மேலிலைக்கு உதவாமற்போகும் என்பதால் வேகத்தோடு மென்மையும் வேண்டப்பட்டது. ஒடித்த இலைகள் கூடைகளில் இழுத்துச் செல்லப்பட்டு நீண்ட மரக்கொட்டகைகளை அடைந்தன. அங்கே பெண்கள் இலைக்காம்புகளை ஊசி நூலால் கோத்து மெல்லிய மரச்சட்டங்களில் கட்ட, ஆண்கள் உத்திரங்களில் ஏறி நின்று அச்சட்டங்களை அடுக்கடுக்காகக் கூரை வரை தொங்கவிட்டனர். கொட்டகைச் சுவரின் நெடும்பலகைகளுள் சில கதவுபோல் திறந்து மூடக்கூடியவை; அவற்றைத் திறந்து காற்றை விட்டும், உள்ளே மிதமான தீ மூட்டி ஈரத்தைப் போக்கியும் பல வாரங்களில் இலை பதப்படுத்தப்பட்டது. ஆண்டு முழுவதும் அன்றி, கோடையின் சில வாரங்களுக்கு மட்டும் பெருந்திரளான ஆட்களைக் கோரிய இத்தொழிலுக்குப் பள்ளி, கல்லூரி விடுமுறை மிகவும் பொருந்தி வந்தது.

இத்தோட்டங்களில் முன்பு உழைத்தவர்களுள் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த குடியேறிகள் மிகுதி. 1914-இல் போர் மூண்டதும் கப்பல் வழிக் குடியேற்றம் சுருங்கியது. ஹார்ட்ஃபர்ட்டிலும் அதைச் சுற்றியும் இருந்த ஆயுதத் தொழிற்சாலைகள் கூடுதல் கூலி கொடுத்து உள்ளூர் ஆட்களை இழுத்துக்கொண்டன. நெருக்கடியில் சிக்கிய தோட்ட உரிமையாளர்கள், கறுப்பினத்தவரின் வேலைவாய்ப்புக்காக 1910-இல் நியூயார்க்கில் தொடங்கப்பட்ட நேஷனல் அர்பன் லீக் என்னும் அமைப்பை நாடினர். அதன் முயற்சியால் 1916-ஆம் ஆண்டுக் கோடையில் தென் மாநிலங்களின் கறுப்பினக் கல்லூரி மாணவர்கள் தொடர்வண்டியில் கனெக்டிகட்டுக்கு வந்தனர். இங்கு மாணவர் என்ற சொல்லின் வரம்பை அறிந்துகொள்ள வேண்டும். எடுத்துக்காட்டாக, ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டா நகரில் கறுப்பினப் பிள்ளைகளுக்கான முதல் அரசு உயர்நிலைப் பள்ளி 1924-இல்தான் திறக்கப்பட்டது. அதுவரை கல்லூரிகளே தம் வளாகத்தில் உயர்நிலைப் பள்ளி வகுப்புகளையும் நடத்தி வந்தன. ஆகவே கல்லூரிகளிலிருந்து வடக்கே புறப்பட்டவர்களுள் இன்றைய கணக்கில் பள்ளிப் பிள்ளைகளாகவே கருதத்தக்கவர்களும் இருந்திருக்க இடமுண்டு.

இந்த ஏற்பாட்டில் நெடுங்காலம் பங்குகொண்டது அட்லாண்டாவின் மோர்ஹவுஸ் கல்லூரி. அடிமை முறை ஒழிந்து இரண்டே ஆண்டுகளில், 1867-இல், ஜார்ஜியாவின் அகஸ்டா நகரில் தொடங்கப்பட்டு, 1879-இல் அட்லாண்டாவுக்கு இடம்பெயர்ந்த இந்த ஆடவர் கல்லூரிக்கு முதல் கறுப்பினத் தலைவராக ஜான் ஹோப் 1906-இல் பொறுப்பேற்றார். அறக்கொடை குறைவாகவும், பெற்றோரின் வருவாய் பருத்தி வயலையும் வீட்டு வேலையையும் நம்பியதாகவும் இருந்த நிலையில், மாணவரின் கோடைக்கூலி கல்லூரியின் வரவு செலவில் மறைமுகமான ஒரு தூணாக விளங்கியது. 1940-இல் தலைவரான பெஞ்சமின் மேய்ஸ் இந்த உண்மையைத் தம் வாழ்க்கையிலேயே அறிந்தவர். தென் கரோலினாவில் பருத்தி பயிரிட்ட குடும்பத்தில் 1894-இல் பிறந்த அவர், பத்தொன்பது வயது வரை ஆண்டுக்கு நான்கு மாதங்களுக்கு மேல் பள்ளிக்குச் சென்றதில்லை; விதைப்பும் அறுவடையும் இல்லாத குளிர்காலத்தில் மட்டுமே கறுப்பினப் பிள்ளைகளுக்கான பள்ளி நடந்தது, எஞ்சிய மாதங்களில் தந்தைக்கு அவருடைய கைகள் தேவைப்பட்டன. பின்னர்க் கோடைக்காலங்களில் படுக்கை வசதி கொண்ட புல்மன் தொடர்வண்டிப் பெட்டிகளில் பணியாளாக வேலை செய்து அவர் கல்லூரிச் செலவை ஈடுகட்டினார். தலைவரான பிறகு கட்டணப் பாக்கியை வசூலிப்பதில் அவர் காட்டிய கண்டிப்பு மாணவரிடையே பெயர்பெற்றது. நிதி வற்றிக் கல்லூரி நலிந்துவிடும் என்ற அச்சம் மெய்யான அச்சமாக இருந்ததை எண்ணினால் அக்கண்டிப்பு நியாயமானதே. 1944-ஆம் ஆண்டில் கறுப்பினக் கல்லூரிகள் ஒன்றுகூடி ஒரு பொது நிதியத்தை நிறுவ நேர்ந்ததும் இந்த வறுமையின் விளைவே.

கல்லூரிகளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் இம்மாணவர்களுக்குப் பெரும்பாலும் பொருளற்றதாக இருந்தது. ஜார்ஜியா பல்கலைக்கழகம் தன் கதவைக் கறுப்பின மாணவர் இருவருக்கு நீதிமன்ற ஆணையின்பேரில் 1961 ஜனவரியில்தான் திறந்தது. அதுவரை அம்மாநிலத்தின் வரிப்பணத்தில் இயங்கிய அந்த வளாகம் வரி செலுத்திய மக்களுள் ஒரு பெரும்பகுதியினருக்கு மூடியே இருந்தது. அட்லாண்டாவில் மோர்ஹவுஸும், மகளிருக்கான ஸ்பெல்மனும், அட்லாண்டா பல்கலைக்கழகமும் அருகருகே அமைந்திருந்தமையால், அந்நகரப் பிள்ளைகள் கல்லூரியைத் தேடிப் பயணம் போக வேண்டியதில்லை. அவர்கள் அவ்வளாகங்களின் நிழலிலேயே வளர்ந்தனர். பின்னாளில் கறுப்பினத்தவரின் உரிமைப் போராட்டத்துக்குத் தலைமை தாங்கிய, 1929-இல் பிறந்த மார்ட்டின் லூதர் கிங் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. அவருடைய தந்தையும் தாய்வழிப் பாட்டனாரும் மோர்ஹவுஸில் பயின்றவர்கள். அவரே அட்லாண்டா பல்கலைக்கழகம் நடத்திய பயிற்சிப் பள்ளியில் 1942-இல் அது மூடப்படும் வரை படித்தார்.

இரண்டாம் உலகப் போருக்கு ஆள் எடுக்கப்பட்டதால் மாணவர் எண்ணிக்கை சரிந்தபோது, பள்ளியின் இறுதி வகுப்பை முடிக்காதவர்களையும் நுழைவுத் தேர்வின் அடிப்படையில் சேர்த்துக்கொள்ள மோர்ஹவுஸ் முன்வந்தது. அவ்வாறு பதினைந்து வயதிலேயே இடம்பெற்ற கிங், வகுப்புகள் தொடங்கும் முன் 1944-ஆம் ஆண்டுக் கோடையில் மற்ற மாணவர்களோடு ஹார்ட்ஃபர்ட்டுக்கு அருகேயுள்ள சிம்ஸ்பரி என்னும் ஊரில் கல்மன் சகோதரர்களின் தோட்டத்துக்குச் சென்றார். அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர், ஜார்ஜியாவின் டப்ளின் நகரில் அரசமைப்புச் சட்டமும் கறுப்பினத்தவரும் என்னும் பொருளில் பேச்சுப் போட்டியில் கலந்துகொண்டு பேருந்தில் திரும்பும்போது, வெள்ளையருக்காக இருக்கையை விட்டு எழும்படி கட்டாயப்படுத்தப்பட்டு நெடுந்தொலைவு நின்றுகொண்டே வர நேர்ந்தது. அந்தக் காயத்தோடுதான் அவர் வடக்கே புறப்பட்டார்.

அக்கோடையில் அவர் பெற்றோருக்கு எழுதிய கடிதங்கள் எஞ்சியுள்ளன. வரலாற்று ஆவணம் என்ற முறையில் அவற்றின் மதிப்பு பெரிது, ஏனெனில் பிற்காலப் புகழின் சாயல் சிறிதும் படியாத ஒரு சிறுவனின் கண்கள் அவற்றில் காண்கின்றன. காலை ஆறு மணிக்கு எழுவது, சமையற்கூடத்தில் வேலை கிடைத்ததால் நல்ல உணவு கிடைப்பது, ஞாயிறுதோறும் மாணவர்களின் வழிபாட்டைத் தாமே நடத்துவது ஆகியவற்றைச் சொல்லி வரும் அவர், வாஷிங்டனைக் கடந்தபின் பாகுபாடே தென்படவில்லை என்றும், விரும்பிய இடத்துக்குப் போய் விரும்பிய இடத்தில் அமர முடிகிறது என்றும் தந்தைக்குத் தெரிவிக்கிறார். சிம்ஸ்பரியின் வெள்ளையர் தேவாலயத்தில் வழிபட்டதையும், ஹார்ட்ஃபர்ட்டின் சிறந்த உணவகங்களுள் ஒன்றில் உண்டதையும் கடிதத்தில் அறிந்த தாய்க்கு அச்செய்திகள் எத்துணைப் புதுமையாக இருந்திருக்கும் என்பதை, அட்லாண்டாவில் அத்தகைய உணவகத்தின் வாயிலைக்கூட அவர் மகன் மிதிக்க முடியாது என்ற நிலையோடு வைத்துப் பார்க்க வேண்டும். 1948-இல் குரோசர் இறையியல் கல்லூரிக்கு விண்ணப்பித்தபோது, சமூகத்துக்குத் தொண்டாற்ற வேண்டும் என்ற தவிர்க்கவொண்ணாத உந்துதல் 1944-ஆம் ஆண்டுக் கோடையில் தமக்குள் எழுந்ததாக அவர் எழுதினார். 1947-ஆம் ஆண்டுக் கோடையிலும் அவர் அதே பள்ளத்தாக்குக்குத் திரும்பினார்.

இந்தக் கடிதங்களை மட்டும் கொண்டு கனெக்டிகட்டை விடுதலை நிலமாகச் சித்திரிப்பது பிழையாகும். சில வாரங்களுக்கு வந்து திரும்பும் கூலி மாணவனுக்குத் திறந்திருந்த ஹார்ட்ஃபர்ட், அங்கேயே குடியிருக்க வந்த கறுப்பினக் குடும்பத்துக்கு அவ்வாறு திறந்திருக்கவில்லை. அண்டை நகரான வெஸ்ட் ஹார்ட்ஃபர்ட்டில் 1940-களின் தொடக்கத்தில் உருவான சில குடியிருப்புகளின் பத்திரங்களில், வீட்டுப் பணியாளராக அன்றி வேறு எவ்வகையிலும் வெள்ளையரல்லாதார் அங்கு வசிக்கக் கூடாது என்னும் விதி எழுதப்பட்டிருந்தது. இத்தகைய விதிகளை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரலாகாது என்று உச்ச நீதிமன்றம் 1948-இல்தான் தீர்ப்பளித்தது. உண்ணும் மேசையில் இடம் அளித்த வடக்கு, வாழும் தெருவில் இடம் மறுத்தது.

எனினும், திரும்பும் பயணத்தின் கொடுமை வடக்குக்கும் தெற்குக்கும் இடையிலான வேறுபாட்டை மாணவர் மனத்தில் ஆழப் பதித்தது. நியூயார்க்கிலிருந்து வாஷிங்டன் வரை எந்தப் பெட்டியிலும் அமரலாம். வாஷிங்டனில் இறங்கி, ஜிம் குரோ பெட்டி என்று அழைக்கப்பட்ட, கறுப்பினத்தவருக்கென ஒதுக்கப்பட்ட பெட்டிக்கு மாற வேண்டும். ஜிம் குரோ என்பது பொது இடங்களில் நிறப்பிரிவினையைச் சட்டமாக்கிய தென் மாநில ஆட்சிமுறைக்கு மக்கள் வழங்கிய பெயர். உணவுப் பெட்டியில் ஓரிரு மேசைகள் திரைச்சீலையால் மறைக்கப்பட்டு அவர்களுக்கென விடப்பட்டிருந்தன. அத்திரைக்குப் பின்னால் அமர்த்தப்பட்டபோது தம் மனிதத்தன்மையின்மீதே அது இழுத்து மூடப்பட்டதாக உணர்ந்ததைக் கிங் பின்னாளில் எழுதியுள்ளார். அதே திரையை எதிர்த்து, 1942-இல் வாஷிங்டனிலிருந்து தெற்கே பயணம் செய்தபோது உணவு மறுக்கப்பட்ட எல்மர் ஹெண்டர்சன் என்பவர் தொடுத்த வழக்கில், அம்முறை சட்டத்துக்குப் புறம்பானது என 1950-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதுவரை கோடைதோறும் சென்று மீண்ட மாணவர்கள் இத்தகைய பிரிவினையைக் கடந்தே கல்லூரிக்குத் திரும்பினர்.

தோட்ட உரிமையாளரின் பக்கமிருந்து பார்த்தால் இந்த ஏற்பாடு அறச்செயல் அன்று, இலாபமான தொழில் ஏற்பாடு. ஒழுக்கமும் படிப்பும் உடைய, பருவம் முடிந்ததும் தாமாகவே ஊர் திரும்பிவிடுகிற, சங்கம் அமைக்க நேரமில்லாத ஆட்கள் அவர்களுக்குக் கிடைத்தனர். தொழிலாளர் சங்க உரிமையை உறுதிசெய்த 1935-ஆம் ஆண்டுச் சட்டம் வேளாண் தொழிலாளரை விலக்கியது. மணிக்கு 25 சென்ட் என்னும் முதல் தேசியக் குறைந்தபட்சக் கூலியை விதித்த 1938-ஆம் ஆண்டின் நியாயமான தொழில்தர நிர்ணயச் சட்டமும் அவர்களை விலக்கியது. அச்சட்டம் ஆலைகளிலும் சுரங்கங்களிலும் சிறுவர் உழைப்பைத் தடுத்தபோது, பள்ளி நடைபெறாத காலத்தில் வயலில் வேலை செய்யும் சிறுவர்களுக்கு அப்பாதுகாப்பை அளிக்கவில்லை. வயல்களிலும் வீடுகளிலும் உழைத்தவர்களுள் கறுப்பினத்தவர் மிகுந்திருந்த தென் மாநிலங்களின் பிரதிநிதிகளைத் திருப்திப்படுத்தவே இவ்விலக்குகள் செய்யப்பட்டன என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. அம்முடிவை மறுப்பதற்கு வலுவான காரணம் இல்லை. மோர்ஹவுஸ் மாணவர் பறித்த இலை எந்தச் சட்டப் பாதுகாப்பும் இல்லாத உழைப்பால் விளைந்தது என்பதையும், அந்த உழைப்பே ஒரு தலைமுறை ஆசிரியர்களையும் மருத்துவர்களையும் போதகர்களையும் உருவாக்கிய கல்லூரிக்கு உயிரூட்டியது என்பதையும் ஒருங்கே ஏற்றுக்கொள்வதுதான் நேர்மையான வரலாறு. அக்கல்லூரிகளைப் பற்றிய நூல்கள் கொடையாளர்களின் பெயர்களை விரிவாகப் பதிவுசெய்யும் அளவுக்கு இம்மாணவர்களின் கூலியைக் கணக்கில் கொள்வதில்லை என்பது பெருங்குறை.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஜமைக்கா முதலிய தீவுகளிலிருந்தும், பின்னர்ப் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்தும் தொழிலாளர் வந்தனர். உள்ளூர்ப் பதின்வயதினரும் தலைமுறை தலைமுறையாக இத்தோட்டங்களிலேயே தம் முதற்கூலியைப் பெற்றனர். 1950-களில் புகையிலையைத் தூளாக அரைத்துத் தாளாக்கிக் கட்டிலைக்குப் பதிலாகப் பயன்படுத்தும் முறை வந்ததும், சுருட்டுப் பழக்கம் குறைந்ததும், நிலத்தின் விலை ஏறியதும் தோட்டங்களைச் சுருக்கின. வின்ட்சர் லாக்ஸிலுள்ள விமான நிலையம் முன்பு புகையிலை விளைந்த மண்ணில் அமைந்தது. வேறு பல வயல்கள் வீட்டு மனைகளாயின. சிம்ஸ்பரியில் கிங் தங்கி உழைத்த தோட்டத்தின் நிலமும் அவ்வாறு மனைகளாகும் நிலையை எட்டியபோது, 2010-இல் அவ்வூர்ப் பள்ளி மாணவர்கள் அவருடைய கோடைக்காலங்களைப் பற்றி எடுத்த ஆவணப்படம் மக்களின் கவனத்தை ஈர்த்தது. 2021-இல் ஊர்மக்கள் வாக்கெடுப்பின்மூலம் பெரும்பான்மையாக ஒப்புதல் அளித்து அந்நிலத்தைப் பொதுச் சொத்தாக வாங்கினர். அங்கே பழைய கொட்டகைகள் சில இன்றும் உள்ளன.

வேளாண் தொழிலாளருள் ஒரு பகுதியினருக்குக் குறைந்தபட்சக் கூலி 1966-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் கிடைத்தது. சிறுவர் பற்றிய விலக்கு இன்னும் நீங்கவில்லை. ஈரமான புகையிலை இலையைத் தொடுவோரின் தோல்வழியே நிக்கோடின் உடலில் புகுந்து வாந்தியும் தலைச்சுற்றலும் உண்டாக்கும் என்பது மருத்துவம் உறுதிசெய்த உண்மை. அத்துன்பத்துக்கு ஆளான சிறுவர்களின் வாக்குமூலங்களை ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2014-இல் அறிக்கையாக வெளியிட்டது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 21 வயது நிரம்பாதவருக்குப் புகையிலைப் பொருள் விற்பதை 2019-இல் நிறைவேறிய கூட்டாட்சிச் சட்டம் தடைசெய்கிறது. ஆனால் பெற்றோரின் ஒப்புதல் இருந்தால், பள்ளி நேரத்துக்கு வெளியே, 12 வயதுப் பிள்ளை புகையிலைத் தோட்டத்தில் கூலிக்கு வேலை செய்வதை அந்நாட்டின் கூட்டாட்சித் தொழிலாளர் சட்டம் இன்றளவும் தடுக்கவில்லை.